மேய்ச்சல் நிலத்தில் பிள்ளைப்பூச்சி: புல் காயும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், செப்டம்பர் மாத வாக்கில் சில மேய்ச்சல் நிலங்களில் நடந்து பார்த்தால் கால் பஞ்சின்மேல் வைத்தாற்போல் அமுங்கும். அந்த இடத்துப் புல்லைப் பிடித்து இழுத்தால், பாயைச் சுருட்டுவதுபோல் கையோடு வந்துவிடும். அடியில் வேர் இருக்காது. மாடு வாய்வைத்து இழுத்தாலும் இதே கதைதான். குளம்பு பட்ட இடத்தில் மண் இடிந்து விழும். சில வாரங்களில் பச்சை நிலத்தில் வெற்றுத் திட்டுகள் தோன்றும். அடுத்த மழைக்கு அந்தத் திட்டுகளில் முளைப்பது புல்லாக இருக்காது, களையாக இருக்கும்.

இதைச் செய்வது மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பூச்சி. சுவர்க்கோழியின் உறவு. முன்கால் இரண்டும் மண்வெட்டிபோல் அகன்றிருக்கும். தமிழில் அதன் பெயர் பிள்ளைப்பூச்சி.

இந்தப் பூச்சி நமக்கு அந்நியமானதல்ல. மழை ஓய்ந்த இரவில் தோட்டப்புற வீடுகளின் விளக்கைச் சுற்றி வந்து விழுந்து, சிமெண்டுத் தரையில் துழாவிக்கொண்டிருக்கும் பூச்சி இதன் இனத்தைச் சேர்ந்ததுதான். யாருக்கும் தீங்கு நினைக்காத அப்பாவியைப் 'பிள்ளைப்பூச்சி' என்று சொல்கிறோம். அந்த அப்பாவிக்கு அதிகாரம் வந்துவிட்டால் 'பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைத்ததுபோல' என்கிறோம். ஓயாமல் தொல்லை தரும் ஒன்றை ஏற்றுக்கொண்டவரை, 'பிள்ளைப்பூச்சியை மடியில் கட்டிக்கொண்டவர்' என்கிறோம். இவற்றுள் கடைசி வழக்கை உருவாக்கியவர் அந்தப் பூச்சியைக் கையில் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். எங்கே வைத்தாலும் அது தோண்டிக்கொண்டே இருக்கும். ஃபுளோரிடாவின் மாட்டுப்பண்ணைக்காரர்கள் அதைத் தங்கள் மடியில்தான் கட்டிக்கொண்டார்கள்.

கப்பலில் வந்த விருந்தாளி

ஃபுளோரிடாவிலும் அண்டை மாநிலங்களிலும் பிள்ளைப்பூச்சி முன்பே உண்டு. ஆனால் அந்த மண்ணுக்கே உரிய அந்த இனத்தால் பெரிய தொல்லை இல்லை. சிக்கல் 1900ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கியது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த கப்பல்களில், கப்பல் ஆடாமல் இருக்க அடியில் நிரப்பும் மண்ணோடு மூன்று புதிய இனங்கள் வந்து இறங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ஜார்ஜியா மாநிலத்தின் பிரன்ஸ்விக் துறைமுகமும் ஃபுளோரிடாவின் தம்பா துறைமுகமும் அவை முதலில் தென்பட்ட இடங்களில் அடங்கும்.

பழுப்புப் பிள்ளைப்பூச்சி, தெற்குப் பிள்ளைப்பூச்சி, குட்டைச் சிறகுப் பிள்ளைப்பூச்சி என அந்த மூன்றையும் அழைக்கலாம். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் பிழைப்பு வேறு. பழுப்பு இனம் சைவம். புல்லின் வேரையும் தண்டையும் தின்னும். தெற்கு இனம் பெரும்பாலும் மற்றப் பூச்சிகளைத் தேடித் தின்னும். அப்படித் தேடும்போது மண்ணைக் குடைந்து வேரை அறுத்துவிட்டுப் போகும். முன்காலில் உள்ள இரண்டு பெரிய நகங்களுக்கு இடையிலான இடைவெளியைப் பார்த்தே இரண்டையும் பிரித்துச் சொல்லலாம். பழுப்பு இனத்தில் அது அடியில் கூராக ஒடுங்கியிருக்கும். தெற்கு இனத்தில் வளைவாக அகன்றிருக்கும்.

இப்படிப் பிரித்தறிவது வெறும் புலமை விளையாட்டு அல்ல. பழுப்பு இனத்தைப் பல்லாண்டுகள் போர்ட்டோ ரிக்கோ தீவின் வேறோர் இனமென்று தவறாக எண்ணி, அதன் பெயராலேயே அழைத்து வந்தார்கள். எங்கிருந்து வந்தது என்று சரியாகத் தெரியாத பூச்சிக்கு அதன் இயற்கை எதிரியை எங்கே போய்த் தேடுவது?

அங்குள்ள மேய்ச்சல் நிலங்களில் மிகப் பரவலாக இருப்பது பஹியா புல். அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டதே. புல் வந்தது, புல்லைத் தின்னும் பூச்சியும் வந்தது. அந்தப் பூச்சியைத் தின்பவை மட்டும் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன. தொல்லையின் வேர் இதுதான்.

ஆண்டு ஒன்று, தலைமுறை ஒன்று

பிள்ளைப்பூச்சியை அடக்குவதில் நாள்காட்டி எல்லாவற்றையும்விட முக்கியம். ஃபுளோரிடாவின் வடபகுதியில் அதற்கு ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். பிப்ரவரி முதல் மே வரை, வெப்பமான மாலைகளில், முதிர்ந்த பூச்சிகள் பறந்து துணை தேடும். ஏப்ரல் முதல் ஜூன் வரை பெண் பூச்சி மண்ணுக்குள் சிறு அறை தோண்டி முட்டையிடும். ஓர் அறையில் சில பத்து முட்டைகள் இருக்கும். ஏறத்தாழ மூன்று வாரத்தில் அவை பொரிக்கும். முட்டையிட்டு முடித்த தாய்ப்பூச்சிகள் மடிந்துவிடும்.

ஜூன் மாதத்தில் நிலம் முழுக்க எறும்பைவிடச் சற்றே பெரிய குஞ்சுகள் இருக்கும். புல் பசேலென்று இருக்கும். பண்ணைக்காரர் கவலையின்றி இருப்பார். குஞ்சுகள் தின்று, தோலுரித்து, வளர்ந்து, ஆகஸ்ட் முதல் நவம்பருக்குள் பெரிய பூச்சிகளாகிவிடும். அப்போதுதான் திட்டுத் திட்டாகப் புல் காயும். அப்போதுதான் அவர் பூச்சிமருந்துக் கடைக்கு ஓடுவார்.

அந்த நேரத்தில் மருந்து பெரிதாகப் பயன் தராது. வளர்ந்த பூச்சி ஆழமாகக் குடைந்துகொள்ளும். மருந்து பட்ட மண்ணை விட்டு விலகியும் போகும். அதே மருந்து ஜூனிலோ ஜூலைத் தொடக்கத்திலோ குஞ்சுகள்மேல் பட்டிருந்தால் கதை வேறு. ஆக, கண்ணுக்குச் சேதம் தெரியும் காலமும் பூச்சியை அடக்கக்கூடிய காலமும் ஒன்றல்ல. இடையில் இரண்டு மூன்று மாத இடைவெளி இருக்கிறது. புல் நன்றாக இருக்கும்போதே கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பதைத் தவிர அந்த இடைவெளியை அடைக்க வழியில்லை.

ஒரு வாளி சோப்புத் தண்ணீர்

பார்ப்பது எப்படி? ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவு பரிந்துரைக்கும் முறைக்குப் பாத்திரம் கழுவும் திரவமும் ஒரு பூவாளியும் போதும். ஏழரை லிட்டர் தண்ணீரில் சுமார் 45 மில்லிலிட்டர் திரவத்தைக் கலக்க வேண்டும். நீளம் 60 சென்டிமீட்டர், அகலம் 60 சென்டிமீட்டர் கொண்ட இடத்தை அளந்து, அதில் முழுவதையும் மெதுவாக ஊற்ற வேண்டும். பிறகு மூன்று நிமிடம் நின்று பார்க்க வேண்டும். சோப்புத் தண்ணீர் உடலில் பட்டதும் எரிச்சல் தாங்காமல் பூச்சிகள் மேலே ஏறி வரும். சராசரியாக இரண்டு பூச்சி வந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவு என்று கொள்கிறார்கள்.

சொல்வதற்கு எளிது. செய்யும்போது சில நுணுக்கங்கள் உண்டு. ஓர் இடத்தில் மட்டும் ஊற்றிவிட்டு முடிவுக்கு வரக்கூடாது. பூச்சிகள் நிலம் முழுக்கச் சீராகப் பரவியிருப்பதில்லை. காய்ந்த மண்ணில் இந்த முறை ஏமாற்றிவிடும். ஈரம் குறைந்தால் பூச்சி கீழே இறங்கிவிடும். சோப்புத் தண்ணீர் அதுவரை எட்டாது. 'ஒன்றும் வரவில்லை' என்பதை 'ஒன்றும் இல்லை' என்று எடுத்துக்கொண்டால் செப்டம்பரில் தெரியும். மழைக்கு மறுநாளோ, நிலத்தை முதலில் நனைத்துவிட்டோ சோதிப்பது நல்லது. கடும் வெயிலில் சோப்பு புல்லைக் கருக்கக்கூடும் என்பதால், எண்ணி முடித்ததும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். ஜூன் மாதக் குஞ்சுகள் மிகச் சிறியவை. நின்றபடி பார்த்தால் கண்ணில் படாது, குந்தி உட்கார வேண்டும்.

நிலம் பெரிதாக இருந்தால் வேறொரு பொறி உதவும். நீளவாக்கில் பிளவு வெட்டிய நான்கு பிவிசி குழாய்களைக் கூட்டல் குறிபோல் மண்ணில் பதிக்கிறார்கள். ஒவ்வொரு குழாயும் சுமார் மூன்று மீட்டர். நடுவில் ஒரு வாளி புதைந்திருக்கும். இரவில் நிலத்தின் மேல்பரப்பில் ஊர்ந்து வரும் பூச்சி பிளவுக்குள் விழுந்து, வெளியேற முடியாமல் குழாய் வழியே நடந்து, வாளியில் போய்ச் சேரும். வாரம்தோறும் எண்ணிக் குறித்து வைத்தால், எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

சேதத்தை அளக்கவும் ஓர் எளிய கருவி உண்டு. ஒன்பது கட்டமாகப் பிரித்த ஒரு சட்டத்தைத் தரையில் வைத்து, எத்தனை கட்டத்தில் புதிதாக மண் புடைத்த தடம் இருக்கிறது என்று எண்ணுவார்கள். சுழியம் என்றால் நிம்மதி. ஒன்பது என்றால் அந்த இடம் முழுக்கக் குடையப்பட்டுவிட்டது. பறவைகளும் துப்புக் கொடுக்கும். சாண்ட்ஹில் கொக்குகள் ஒரே இடத்தில் கூடி மண்ணைக் கிளறினாலோ, ஆர்மடில்லோ இரவில் வந்து குழி பறித்திருந்தாலோ, அங்கே சோப்புத் தண்ணீரை ஊற்றிப் பார்க்கலாம்.

பாடிக் காட்டிக்கொடுக்கும் ஆண்

வசந்த கால மாலைகளில் கண்ணைவிடக் காது பயன்படும். சூரியன் மறைந்த சிறிது நேரத்தில் ஆண் பூச்சிகள் பாடத் தொடங்கும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் நீடிக்கும். ஆண் பூச்சி தன் வளையின் வாயை நாகசுரத்தின் அணைசுபோல் அகலமாகக் குடைந்து வைத்து, உள்ளிருந்து சிறகை உரசும். ஈர மண்ணில் குடைந்த வளையிலிருந்து ஒலி உரக்க வரும். பெண் பூச்சிகள் உரத்த பாட்டை நாடியே இறங்குகின்றன. முட்டைக்கு ஈரம் வேண்டும் என்பதால் அந்தத் தேர்வில் பொருள் இருக்கிறது. பண்ணைக்காரரும் மாலையில் நிலத்தைச் சுற்றி வந்து, பாட்டு மிகுதியாகக் கேட்கும் இடங்களைக் குறித்துக்கொண்டால், ஜூனில் எங்கே சோப்புத் தண்ணீர் ஊற்றுவது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பழுப்பு இனத்தின் ஒலி நொடிக்குச் சுமார் 130 துடிப்பு. தெற்கு இனத்தினுடையது 50 துடிப்பு, சற்றே தாழ்ந்த சுருதி. பழகிய காது இரண்டையும் பிரித்துவிடும். ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஜே. வாக்கர் இதையே கருவியாக்கினார். அந்த ஒலிகளை மின்கருவியால் உரக்க எழுப்பி, கீழே பெரிய புனல்போன்ற அமைப்பை வைத்தார். பறந்து வரும் பூச்சிகள் புனலில் விழுந்து பாத்திரத்தில் சேர்ந்தன. நல்ல மாலைகளில் நூற்றுக்கணக்கில் விழுந்தன. கெய்ன்ஸ்வில் நகரை ஒட்டி 1979 முதல் ஆண்டுக்கணக்கில் இப்படி எண்ணி வந்தார்கள்.

அப்படியே பிடித்து ஒழித்துவிடலாமே என்று தோன்றும். நடக்காது. ஒலியைக் கேட்டு வருபவற்றில் கணிசமானவை பொறிக்கு வெளியே இறங்கி, அந்த நிலத்திலேயே குடியேறிவிடும். ஒலிப்பொறி எண்ணுவதற்கு உதவும். அழிப்பதற்கு அதை நம்பினால் ஊர்ப் பூச்சியையெல்லாம் தம் நிலத்துக்கு அழைத்ததாகத்தான் முடியும்.

எதிரியைத் தேடித் தெற்கே

1970கள் வரை பண்ணைக்காரர்களுக்குக் கைகொடுத்தது குளோர்டேன் என்ற மருந்து. மலிவு, ஒருமுறை போட்டால் மண்ணில் நெடுநாள் நிற்கும். அப்படி நின்றதே அதன் குற்றமாகவும் ஆனது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்கா வேளாண்மையில் அதன் பயன்பாட்டை நிறுத்தத் தொடங்கியதும், பண்ணைக்காரர்கள் கைவிடப்பட்ட நிலைக்கு வந்தார்கள். கோல்ஃப் திடல் வைத்திருப்பவர் விலை உயர்ந்த மருந்தை வாங்கித் தெளிக்கலாம். மேய்ச்சல் நிலத்தில் ஓர் ஏக்கரிலிருந்து வரும் வருமானம் சொற்பம். மருந்துச் செலவே அதை விழுங்கிவிடும். தெளித்த நிலத்தில் உடனே மாட்டை விடவும் முடியாது. பண்ணைக்காரர்கள் வற்புறுத்தியதன் பேரில், அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தில் பிள்ளைப்பூச்சிக்கென்றே ஓர் ஆய்வுத் திட்டம் தொடங்கியது. ஜே. ஹோவர்ட் ஃபிராங்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள், கடலுக்கு அப்பால் நின்றுவிட்ட எதிரிகளைத் தேடித் தென் அமெரிக்காவுக்குப் போனார்கள். மூன்று கிடைத்தன.

முதலாவது, லாரா பைகலர் என்ற குளவி. போர்ட்டோ ரிக்கோவில் 1930களிலேயே பிரேசிலிலிருந்து கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அங்கிருந்து எடுத்து 1981இல் தென் ஃபுளோரிடாவில் விடப்பட்டது. பிறகு பொலிவியாவிலிருந்து கொண்டுவந்த குளவிகள் கெய்ன்ஸ்வில் பகுதியில் நிலைபெற்று, வட ஃபுளோரிடா முழுக்கப் பரவின. பெண் குளவி வளைக்குள் புகுந்து பிள்ளைப்பூச்சியை வெளியே துரத்தும். கொட்டும். பூச்சி சில நிமிடம் அசையாமல் கிடக்கும். அதற்குள் அதன் வயிற்றுப்புறம், கால்களுக்கு நடுவே ஒரே ஒரு முட்டை. பூச்சி தெளிந்து எழுந்து மீண்டும் மண்ணுக்குள் போய்விடும். முட்டையிலிருந்து வரும் புழு வெளியே ஒட்டியபடியே அதை உறிஞ்சித் தின்று, சில வாரங்களில் முடித்துவிடும். கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்று நம் முன்னோர் நம்பினார்கள். குளவி கொட்டிய உடலிலிருந்து குளவி வருவதை அவர்கள் பார்த்தது மெய். நடுவில் இருந்த முட்டைதான் கண்ணுக்குப் படவில்லை.

இந்தக் குளவிக்கு உணவு பூந்தேன். அது விரும்பி நாடும் செடிகளில் ஒன்று, நம் வைத்தியத்தில் பேசப்படும் நத்தைச்சூரியின் பேரினத்தைச் சேர்ந்தது. சிறிய வெண்பூக்கள் கொத்தாகப் பூக்கும் அந்தச் செடியை நிலத்தின் ஓரத்தில் வளரவிட்டால் குளவிகள் அங்கே தங்கும். ஓரத்துச் செடியையெல்லாம் களையென்று வெட்டிவிடும் சுத்தக்காரருக்கு இந்த உதவி கிடைப்பதில்லை.

இரண்டாவது, 1985இல் உருகுவேயிலிருந்து கொண்டுவந்த ஒரு நூற்புழு. பெயர் ஸ்டைனெர்னிமா ஸ்காப்டெரிஸ்கி. பூச்சியின் வாய் வழியாகவோ மூச்சுத்துளை வழியாகவோ நுழைந்து, தன்னோடு சுமந்து வந்த பாக்டீரியாவை உள்ளே விடும். பூச்சி சில நாளில் சாகும். செத்த உடலுக்குள் பெருகிய ஆயிரக்கணக்கான புழுக்கள் அடுத்த பூச்சியைத் தேடி மண்ணில் காத்திருக்கும். இது வளர்ந்த பூச்சியையே நன்றாகத் தாக்கும், சிறு குஞ்சுகளை அவ்வளவாகத் தொடாது. குளோர்டேனின் வாரிசுகளான மருந்துகளுக்கு ஜூன் உகந்தது என்றால், நூற்புழுவுக்கு வசந்தமும் இலையுதிர் காலமும் உகந்தவை.

பண்ணைக்காரருக்குப் பிடித்தமான கணக்கு ஒன்றும் இதில் உண்டு. நிலம் முழுக்கப் போட வேண்டியதில்லை. பட்டை பட்டையாக, பரப்பில் எட்டில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்துப் போட்டும் பார்த்தார்கள். மீதி வேலையைப் பிள்ளைப்பூச்சிகளே செய்தன. நோயோடு நடந்து போய் மற்ற இடங்களில் செத்தன. இன்னொரு குறும்பும் செய்தார்கள். ஒலிப்பொறியில் பாட்டுக்கு மயங்கி விழுந்தவற்றைப் பிடித்து, நூற்புழுவைத் தொற்றவைத்து, மீண்டும் பறக்கவிட்டார்கள்.

மூன்றாவது, பிரேசிலின் ஓர்மியா டெப்ளீட்டா என்ற ஈ. 1988இல் விடப்பட்டது. இதற்கும் காது உண்டு. ஆண் பிள்ளைப்பூச்சி பாடும்போது ஒலியைக் கேட்டுப் பறந்து வந்து, அதன்மேல் தன் புழுக்களை இடும். ஒரு வாரத்தில் பாடகர் கதை முடியும். ஃபுளோரிடாவின் நடுப்பகுதியிலும் தெற்கிலும் இந்த ஈ நன்றாக நிலைத்தது, வடக்கில் காலூன்றவில்லை.

பலன் ஒரே நாளில் வரவில்லை. 1990களின் இரண்டாம் பாதியிலும் தென்-மத்திய ஃபுளோரிடாவின் பஹியா புல்வெளிகள் கடுமையாகச் சேதமடைந்தன. குளவியும் நூற்புழுவும் ஏற்கெனவே நிலைபெற்றிருந்த கெய்ன்ஸ்வில் பகுதியிலோ, வாக்கரின் ஒலிப்பொறிகளில் விழுந்த பூச்சிகளின் எண்ணிக்கை இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில் முன்பிருந்ததைவிட ஏறத்தாழ 95 விழுக்காடு குறைந்திருந்தது. ஆண்டு தவறாமல் எண்ணி வைத்திருந்ததால்தான் அதைச் சொல்ல முடிந்தது.

குறைந்திருக்கிறதே தவிர, அற்றுப்போகவில்லை. பூச்சி முற்றிலும் இல்லாமல் போனால் அதையே நம்பி வாழும் குளவியும் நூற்புழுவும் போய்விடும் என்பதால், கொஞ்சம் இருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் இயல்பு. புதிதாகப் புல் போட்ட நிலத்திலும், ஒட்ட மேய்ந்து வேர் மெலிந்த நிலத்திலும் அந்தக் கொஞ்சமே போதும் சேதம் செய்ய.

மூன்றாவது இனமான குட்டைச் சிறகுப் பிள்ளைப்பூச்சி, கடலோரப் பகுதிகளில் இன்னும் தனித் தலைவலி. அதற்குப் பறக்க முடியாது. துணையைத் தொலைவிலிருந்து அழைக்கும் பாட்டும் கிடையாது. ஒலிப்பொறியில் விழாது. பாட்டைக் கேட்டு வரும் ஈக்கும் அகப்படாது. அங்கே இரை தேடி வளைக்குள் இறங்கும் குளவியை நம்பலாம். மற்றபடி மழைக்கு மறுநாள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய், மூன்று நிமிடம் குந்தி உட்கார்ந்து எண்ணுவதுதான் வழி.